வந்தவர் ஊரவர் ஆவது எப்போது?
தீவகத்திலிருந்து பார்க்கும் ஒரு தொண்டின் வரலாறு

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று மேற்கே போனால் தீவக ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட அந்தத் தீவில் ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை, புளியங்கூடல் ஆகிய ஊர்களோடு அயலாக இருக்கிறது சுருவில். பனை, கடல், மழையை நம்பிய வயல், கிணற்று நீரை அளந்து இறைக்கும் தோட்டம் ஆகியவைதான் இந்த ஊர்களின் முதல். மண் கொடுத்தது போதாமல் போனபோது தீவகத்தார் தென்னிலங்கையின் சந்தைகளுக்குப் போய்க் கடை வைத்தார்கள். 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களில் அந்தக் கடைகள் எரிந்தன. கடைக்காரர்களும் அவர்களின் குடும்பங்களும் உடுத்த உடையோடு சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். 1990 இல் அந்தச் சொந்த ஊரும் கைவிட்டுப் போனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் படையினர் தரையிறங்கத் தொடங்கினர். அடுத்த ஆண்டு முடிவதற்குள் தீவகம் கடற்படையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மக்களில் பெரும்பாலோர் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இந்தியாவுக்கும் மேற்கு நாடுகளுக்கும் சிதறினர்.

ஆகவே, அகதிக் குடும்பத்துக்கு உதவுவது பற்றிப் பேச சுருவில் போன்ற ஊர்களுக்குத் தனித்தகுதி உண்டு. ஏறத்தாழ ஒரே தலைமுறைக்குள் இவர்கள் அகதிகளை ஏற்றவர்களாகவும், அகதிகளாகப் போனவர்களாகவும், வெறும் வளவுக்குத் திரும்பி வந்தவர்களாகவும் இருந்திருக்கிறார்கள். பிடுங்கப்பட்டு வந்த ஒரு குடும்பம் புதிய ஊரில் வேர்விடத் தொண்டர்கள் எதைச் செய்தபோது அது நிலைத்தது, எதைச் செய்யத் தவறியபோது குலைந்தது என்பதை நம் வரலாற்றைக் கொண்டே இக்கட்டுரை ஆராய்கிறது. வவுனியாவில் காந்தியம், புத்தளத்தின் வரவேற்பு, தமிழ்நாட்டு முகாம்களில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஆகிய மூன்றும் இங்கே முதன்மைச் சான்றுகள். இவற்றை ஒருசேரப் பார்க்கும்போது ஒரு முடிவுக்கு வர முடிகிறது: சோறும் கூரையும் கொடுப்பது தொண்டின் தொடக்கம் மட்டுமே. காணி, ஆவணம், பள்ளிக்கூடம், தம் காரியத்தைத் தாமே தீர்மானிக்கும் இடம் ஆகிய நான்கும் வந்தவர் கைக்குப் போகும்வரை அவர் ஊரவர் ஆவதில்லை.

கரம்பொன்னிலிருந்து ஒருவர்

டேவிட் ஐயா என்று பின்னாளில் பலராலும் அழைக்கப்பட்ட எஸ். ஏ. டேவிட் 1924 இல் கரம்பொன்னில் பிறந்தார். தமிழாராய்ச்சியை உலக அரங்குக்குக் கொண்டுபோன தனிநாயகம் அடிகள் பிறந்ததும் அதே ஊர். டேவிட் மெல்பேணில் கட்டடக்கலை பயின்றார். பிறகு கென்யாவின் மொம்பாசாவில் நகரமைப்புத் துறையில் பணியாற்றினார். நல்ல சம்பளமும் மதிப்பும் இருந்த அந்த வாழ்க்கையை விட்டு நாடு திரும்பி, வவுனியாவில் மருத்துவராக இருந்த எஸ். ராஜசுந்தரத்தோடு சேர்ந்து 1976 இல் காந்தியம் என்ற அமைப்பைத் தொடங்கினார். கிராமத்தின் உழைப்பாலேயே கிராமத்தை உயர்த்துவது என்ற காந்தியின் எண்ணம்தான் பெயருக்கும் வேலைக்கும் அடி. தாய்மாருக்கும் பிள்ளைகளுக்குமான சிறு சிறு திட்டங்களோடு தொடங்கிய அந்த அமைப்பின் வாசலுக்கு, அடுத்த ஆண்டே ஓர் இனத்தின் துயரம் வந்து சேர்ந்தது.

அந்தத் துயரத்தின் வேர் 1948 இல் இருக்கிறது. அந்த ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் கணக்குப் பின்னர் தீர்க்கப்படும் என்று. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயன்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அதற்கு மேல் 1977 ஆகஸ்ட் வன்செயல் வந்தது. மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வடக்கு நோக்கி நகர்ந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலைப் பகுதிகளில் வந்து நின்றன. 1981 வன்செயலுக்குப் பிறகு இன்னொரு அலை வந்தது.

இவர்கள் வன்னி மண்ணுக்குப் புதியவர்கள். கொழுந்து பறிக்கத் தெரிந்த கைகளுக்குக் காடு வெட்டவும் குளத்து நீரில் வயல் செய்யவும் பழக்கமில்லை. உயர்நிலத்தின் குளிருக்குப் பழகிய உடலுக்கு வன்னியின் வெயிலும் மலேரியாவும் புதிது. பேச்சுத் தமிழில் வேறுபாடு உண்டு. சாதி பற்றிய பார்வையிலும் உண்டு. குடாநாட்டுக் காணிக்காரர் சிலருக்கு இவர்கள் மலிவான கூலியாட்களாகவே தெரிந்தார்கள். ஒரே மொழி பேசும் மக்களுக்கு இடையிலும் குடியமர்வு தானாக நடந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காந்தியம் வேலை செய்த முறை

காந்தியத்தின் செயல்முறையில் கூர்ந்து பார்க்க வேண்டியது அது எங்கிருந்து தொடங்கியது என்பதுதான். ஒரு குடியிருப்பு உருவானதும் முதலில் எழுந்தது பாலர் பாடசாலை. கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில், அயலிலிருந்தே தேர்ந்து பயிற்சி பெற்ற ஓர் இளம்பெண், பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சத்துணவு. இவ்வளவுதான் முதலீடு. ஆனால் அந்தக் கொட்டில் பல காரியங்களை ஒன்றாகச் செய்தது. பிள்ளை அங்கே இருக்கும் நேரத்தில் தாய் வேலைக்குப் போகலாம். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மார் ஒருவரையொருவர் அறிந்துகொள்வார்கள். காய்ச்சலும் வயிற்றோட்டமும் அங்கேதான் முதலில் தெரியவரும்; ராஜசுந்தரம் போன்ற மருத்துவருக்குச் செய்தி போகும். நாளடைவில் மாதர் சங்கம் கூடும் இடமும் அதுவே ஆகும். நிவாரண வரிசையில் கையேந்தி நின்ற பெண் அங்கே தன் பிள்ளையின் படிப்புப் பற்றிப் பேசும் தாயாக நின்றாள்.

அதற்குப் பிறகுதான் கிணறு, விதை, கருவி, பண்ணை என்று பொருளாதார வேலைகள் வந்தன. நெதர்லாந்தின் நொவிப், பிரித்தானியாவின் ஒக்ஸ்பாம் முதலான அமைப்புகளின் நிதி உதவியது. தொண்டர்களாக வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலருக்கு மலையக மக்களோடு ஒரே பாயில் இருந்து உண்ணும் முதல் வாய்ப்பாகவும் அது இருந்தது. கூலியாட்களாக மட்டும் பார்க்கப்பட்ட மக்களின் வாயிலிருந்து அவர்களின் வரலாற்றை அவர்கள் கேட்டார்கள். தொண்டு அதைச் செய்யப் போனவரின் மனத்தையும் மாற்றியது என்பது காந்தியத்தின் பெறுபேறுகளில் எண்ணிக்கைக்குள் அடங்காத ஒன்று.

அதே காலத்தில் கொழும்பிலும் ஒரு முயற்சி இருந்தது. 1977 வன்செயலை அடுத்து உருவான தமிழ் அகதிகள் புனர்வாழ்வுக் கழகத்தில் கே. சி. நித்தியானந்தா, சட்டத்தரணி கே. கந்தசாமி போன்றோர் உழைத்தார்கள். நாட்டின் பிற பகுதிகளில் சிதறி நின்ற அகதிகளுக்கு உதவுவதும், நடந்ததைப் பதிவு செய்வதும் அவர்களின் பணி. பதிவு செய்வது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத தொண்டு. யார், எங்கிருந்து வந்தார், எதை இழந்தார் என்பதை அன்றே எழுதி வைக்காவிட்டால், பத்து ஆண்டுக்குப் பிறகு அந்தக் குடும்பம் இழப்பீட்டுக்கோ காணிக்கோ விண்ணப்பிக்கும்போது கையில் எதுவும் இருக்காது. கந்தசாமி 1988 இல் யாழ்ப்பாணத்தில் கடத்தப்பட்டார், திரும்பவில்லை. அவரைக் கடத்தியவர்கள் தமிழ் இயக்கம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் என்பது இந்த வரலாற்றின் கசப்பான பக்கம்.

காணி என்ற கேள்வி

காந்தியத்தின் முயற்சி எந்த இடத்தில் முறிந்தது? குடியேறியவர்களின் உழைப்பில் குறைவில்லை. தொண்டர்களின் அன்பிலும் இல்லை. அவர்கள் நின்ற நிலம் அவர்களுடையதாக எழுதப்படவில்லை என்பதே அடிப்படைக் குறை. இலங்கையில் அரச காணியைப் பெறுவதற்கு 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரம் வேண்டும். குடியுரிமையே மறுக்கப்பட்டவருக்கு அந்தக் கதவு அடைபட்டிருந்தது. ஆகவே பலர் பிறர் பெயரில் குத்தகைக்கு எடுக்கப்பட்ட பண்ணைகளிலும், பத்திரமில்லாத காட்டோரங்களிலும் குடியமர்ந்தார்கள்.

முல்லைத்தீவு எல்லையில் இருந்த கென்ட் பண்ணை, டொலர் பண்ணை ஆகியவற்றின் கதை இதை முழுமையாகக் காட்டுகிறது. தமிழ் வணிகர்கள் குத்தகைக்கு எடுத்திருந்த அந்தப் பண்ணைகளில் 1977 க்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. 1984 இல் அரசு அவர்களை வெளியேற்றி, அந்த இடங்களைத் திறந்தவெளிச் சிறையாக்கிச் சிங்களக் கைதிகளைக் குடும்பங்களோடு கொண்டுவந்து இருத்தியது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று விடுதலைப் புலிகள் அங்கே நடத்திய தாக்குதலில் பெண்களும் பிள்ளைகளும் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். ஏழைகளை வெளியேற்றி ஏழைகளைக் குடிவைத்து, இரு தரப்பு ஏழைகளும் அழிந்த நிலம் அது. எல்லை எங்கே என்ற அரசியல் போட்டிக்கு நடுவில் ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் இருத்துவது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதைத் தொண்டர்கள் மறக்கக் கூடாது.

இன்னொரு கேள்வியையும் நேராகக் கேட்டாக வேண்டும். காந்தியத்தின் தொண்டர்களில் சிலர் ஆயுத இயக்கங்களோடு தொடர்புடையவர்களாக இருந்தார்கள். அங்கே முன்னணியில் நின்று உழைத்த சந்ததியார் பின்னர் புளொட் அமைப்பின் தலைவர்களில் ஒருவரானார். அகதிகளை எல்லையில் குடியேற்றுவது அரசியல் சூழ்ச்சி என்று அரசு சொல்லிவந்தது. இந்தத் தொடர்புகள் அந்தக் குற்றச்சாட்டுக்குப் பிடி கொடுத்தன. 1983 ஏப்ரலில் டேவிட்டும் ராஜசுந்தரமும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். அந்த ஆண்டு ஜூலை 25, 27 ஆகிய நாள்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோது, இரண்டாம் நாள் படுகொலையில் ராஜசுந்தரம் உயிரிழந்தார். டேவிட் தப்பினார், மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் 23 அன்று நடந்த சிறையுடைப்பில் வெளியேறித் தமிழ்நாட்டை அடைந்தார். அகதிகளைக் குடியமர்த்திய கரம்பொன் மனிதர் அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்னையில் தாமே அகதியாக வாழ்ந்தார். முதுமையில் நாடு திரும்பி, 2015 அக்டோபரில் கிளிநொச்சியில் மறைந்தார்.

அரசின் அடக்குமுறைக்கு இந்தத் தொடர்புகள் நியாயமாகிவிடா. மருத்துவர் ஒருவரைச் சிறைக்குள் அடித்துக் கொல்ல எந்தக் காரணமும் போதாது. ஆயினும் தொண்டமைப்பு ஒன்று தன் கொடிக்குக் கீழ் வேறொரு கொடி புகுந்துகொள்ள இடம்விடும்போது, அதற்கான விலையை முதலில் கொடுப்பவர்கள் அதை நம்பி வந்த குடும்பங்களே. அந்தக் குடும்பங்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள்.

மலையகத்திலிருந்து வந்த நாடற்றோருக்கான குடியுரிமைச் சிக்கல் 2003 இன் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது. அதற்குள் வன்னியில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடமும் அயலுறவும் தந்த தொண்டால் பத்திரம் வாங்கித் தர முடியவில்லை. போர் முடிந்த பிறகும் கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களில் மலையக வழிவந்த குடும்பங்கள் காணி உரிமைக்காகப் பேசிக்கொண்டிருப்பது இதன் தொடர்ச்சியே.

புத்தளம் திறந்த கதவு

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்டது இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 75,000 பேர் சில நாள்களுக்குள் வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டுப் போனார்கள். தமிழராகிய நாம் நம் இடப்பெயர்வுகளைப் பேசும் ஒவ்வொரு முறையும் இதையும் சேர்த்துப் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தைச் சென்றடைந்தார்கள். மன்னாரிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர்களையும், வவுனியா வழியாக நடந்து வந்தவர்களையும் புத்தளத்து முஸ்லிம்கள் வரவேற்ற விதம் இலங்கையின் தொண்டு வரலாற்றில் பெரிய அத்தியாயம். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்தன. வீட்டு அடுப்புகளில் ஊருக்கே சமைத்தார்கள். தென்னந்தோட்டக்காரர்கள் தம் தோட்டங்களில் கிடுகுக் கொட்டில் போட அனுமதித்தார்கள். அரசோ வெளிநாட்டு அமைப்புகளோ வந்து சேர்வதற்கு முன்பே இதைச் செய்தவர்கள் சாதாரணக் குடும்பங்கள்.

ஆனால் சில வாரத்துக்கு என்று திறந்த கதவு பல்லாண்டு திறந்தே இருக்க வேண்டியதாயிற்று. உப்பளத்திலும் தோட்டத்திலும் கூலி வேலைக்கு ஆள் கூடியதால் கூலி குறைந்தது. வகுப்பறைகள் நெருக்கமாகின. நிவாரணம் வந்தவருக்குக் கிடைத்தது. அதே வறுமையில் இருந்த ஊரவருக்குக் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக இடம், அரசாங்க வேலை, வாக்குப் பதிவு என்று ஒவ்வொன்றிலும் பங்கு பற்றிய மனக்கசப்பு எழுந்தது. வரவேற்றவர்கள் கெட்டவர்களாகிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சுமையைச் சுமந்தவர்களுக்கு அரசு தோள் கொடுக்கவில்லை என்பதே பொருள். வெளியேற்றத்தின் வரலாற்றைப் பல்லாண்டு ஆராய்ந்த புவியியலாளர் எஸ். எச். ஹஸ்புல்லாவின் பணியும், 2011 இல் வெளியான குடிமக்கள் ஆணைக்குழு அறிக்கையும் இந்த நெடிய காத்திருப்பைப் பதிவு செய்திருக்கின்றன. நிரந்தர வீட்டுக்கான உலக வங்கியின் பெருந்திட்டம் தொடங்கியது 2007 இல். அதாவது வந்து பதினேழு ஆண்டுக்குப் பிறகு.

புத்தளம் தரும் பாடம் தொண்டர்களுக்கு மிகவும் பயன்படக் கூடியது. வந்தவருக்கு என்று மட்டும் கிணறு வெட்டாமல், ஊருக்கும் வந்தவருக்கும் சேர்த்து வெட்ட வேண்டும். மாலை வகுப்பு நடத்தினால் இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும். ஊரிலுள்ள ஏழையின் கண்ணுக்கு நேரே வந்தவருக்கு மட்டும் கொடுக்கும் உதவி, கொடுத்த கை விலகியதும் பகையாக மாறும்.

அகதியே தொண்டராக

1983 முதல் 2012 வரை கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஈழ அகதிகள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர். மண்டபம் முகாமில் பதிவு, பிறகு மாவட்டங்களில் பரவிய முகாம்கள், பத்துக்குப் பத்து அடிக் குடிசை, பணக்கொடை, அரிசி என்பதாக அவர்கள் வாழ்வு அமைந்தது. தந்தை செல்வா என்று அறியப்பட்ட எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் மகன் எஸ். சி. சந்திரகாசன் 1984 இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், உதவி பெறுவோரையே உதவி செய்வோராக ஆக்கும் கொள்கையை எடுத்துக்கொண்டது. முகாமில் படித்தவர் முகாமுக்கே ஆசிரியரானார். முகாம் பெண்கள் பயிற்சி பெற்றுச் சுகாதாரத் தொண்டர்களாகவும் உளவள ஆலோசகர்களாகவும் ஆனார்கள்.

1991 இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு தமிழ்நாட்டின் மனநிலை மாறியது. தொண்டு அமைப்புகள் முகாம்களுக்குள் போவது கட்டுப்படுத்தப்பட்டது. உயர்கல்வியின் வாயில் சில காலம் அடைபட்டது. அந்த ஆண்டுகளில் வெளியாரை மட்டும் நம்பியிருந்த எந்த வேலையும் நின்றிருக்கும். முகாமுக்குள்ளேயே ஆசிரியரும் சுகாதாரத் தொண்டரும் இருந்ததால் வேலை தொடர்ந்தது. காந்தியத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. தலைவர்கள் சிறை போனதும் காந்தியம் சரிந்தது. முகாமில் தலைமை பல கைகளில் பரவியிருந்தது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையை அழித்தபோது, முகாம்களிலிருந்து அகதித் தொண்டர்கள் நாகப்பட்டினம் போன்ற இடங்களுக்குச் சென்று உதவினார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தவரிடம் எப்படிப் பேசுவது, எப்போது பேசாமல் பக்கத்தில் இருப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாங்கியவர் கொடுப்பவராகும் அந்த இடத்தில் ஒரு மனிதரின் நிமிர்வு திரும்பி வருகிறது. எந்த நிவாரணப் பொதியாலும் தர முடியாத ஒன்று அது.

ஆனால் இங்கும் ஆவணம் என்ற சுவர் நிற்கிறது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் ஏறத்தாழ 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்களை அறிவித்து, முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரும் மாற்றியது. புதிய வீடுகள் எழுந்தன, அது நன்மையே. இருந்தும் தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டில் படித்துப் பட்டம் பெற்ற ஈழத்துப் பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை இன்னும் எட்டாத கனியாகவே இருக்கிறது. 2019 இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களைச் சேர்க்கவில்லை.

கடல் கடந்தவர்கள் கண்ட வேறொரு முறை

1986 ஆகஸ்டில் 155 ஈழத்தமிழர் உயிர்காப்புப் படகுகளில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையருகே மீன்பிடிக் கப்பல் ஒன்றால் மீட்கப்பட்டார்கள். அதே ஆண்டுதான் ஐ. நா. அகதிகள் நிறுவனத்தின் நான்சன் விருது கனடா நாட்டு மக்களுக்கு ஒட்டுமொத்தமாக வழங்கப்பட்டது. அந்த விருதுக்குப் பின்னால், வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அகதிகளை ஏற்க 1979 இல் பரவலான தனியார் பொறுப்பேற்பு முறை இருந்தது. ஐந்து பேர் கொண்ட குழுவோ ஒரு தேவாலயமோ ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பேற்கும். முதல் ஓராண்டுக்கான செலவு, வீடு, பள்ளிச் சேர்க்கை, மருத்துவரிடம் கூட்டிப்போதல், மொழி வகுப்பு எல்லாம் அந்தக் குழுவின் கடமை. 1979 – 80 இல் கனடா ஏற்ற 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வாறு வந்தவர்கள்.

இந்த முறையின் பலம் இரண்டு. ஒரு குடும்பத்துக்கு இன்னார் என்று பெயர் சொல்லக்கூடிய பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொறுப்புக்குக் காலவரையும் இருக்கிறது. புகையிலைக் கன்றை நட்ட தோட்டக்காரர் சில நாள் ஓலை மறைப்புக் கட்டுவார். வேர்பிடித்ததும் அதை எடுத்துவிடுவார். எடுக்காவிட்டால் கன்று வெளிறிப் போகும். தொண்டுக்கும் அந்தக் கணக்கு உண்டு.

நம்மவர்களில் பெரும்பாலோர் இவ்வாறு அழைக்கப்பட்டு வந்தவர்கள் அல்லர். தாமாகப் போய்த் தஞ்சம் கோரியவர்கள். அவர்களைத் தாங்கியது ஊர்த் தொடர்பு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் முன்னால் போனவரின் ஓர் அறையில் பின்னால் வந்தவருக்குப் பாய் விரிக்கப்பட்டது. குளிர்ச்சட்டை, முதல் வேலை, வழக்கறிஞரிடம் மொழிபெயர்ப்பு, சீட்டுக் கட்டிச் சேர்த்த முதலாவது மூலதனம் என்று எல்லாம் ஊரவர் வழியாக வந்தன. தீவக ஊர்ச் சங்கங்கள் பின்னாளில் கோயிலுக்கும் பள்ளிக்கும் பணம் திரட்டும் அமைப்புகளாக அறியப்பட்டாலும், தொடக்கத்தில் அந்த உறவு வலைதான் குடியமர்வு நிலையமாகவே இயங்கியது. அதன் குறையையும் சொல்ல வேண்டும். ஊரில் உறவும் செல்வாக்கும் இல்லாதவர் அங்கேயும் வெளியே நின்றார். ஊர்த் தொடர்பை மட்டும் நம்பும் தொண்டு, ஊரிலிருந்த ஏற்றத்தாழ்வையும் கூடவே கப்பலேற்றிக் கொண்டுபோகும்.

தீவகத்தில் இன்று

தீவகத்திலேயே தொண்டு உயிராபத்தான காலமும் இருந்தது. 2006 ஆகஸ்ட் 13 அன்று அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்து பலர் மாண்டார்கள். காயப்பட்டவர்களையும் மிஞ்சியவர்களையும் ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோகப் பாடுபட்டவர் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகள். ஒரு வாரத்துக்குப் பிறகு, ஆகஸ்ட் 20 அன்று, தம்மோடு சென்ற உதவியாளருடன் அவர் காணாமற்போனார். அவருக்கு என்ன நேர்ந்தது என்று அரசு இதுவரை பதில் சொல்லவில்லை.

இன்று துப்பாக்கி இல்லை. ஆனால் குடியமர்வு முடிந்துவிடவும் இல்லை. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து குடும்பங்கள் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. திரும்புவோரைப் பார்த்து, சொந்த ஊருக்குத்தானே வருகிறார்கள், இவர்களுக்கு என்ன உதவி என்று கேட்பவர்கள் உண்டு. முப்பது ஆண்டுக்குப் பிறகு வருபவருக்குச் சொந்த ஊரும் புதிய ஊர்தான். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவு வேண்டும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளை இங்கே எந்த வகுப்பில் சேர்வது என்ற குழப்பம் உண்டு. பாட்டனின் வளவில் பற்றை மூடிக் கிடக்கும். காணி உறுதி எங்கோ தொலைந்திருக்கும். பங்காளிகள் நான்கு நாடுகளில் இருப்பார்கள். போரால் இடம்பெயர்ந்தவர் தம் காணியை, நெடுங்காலம் வைத்திருந்த பிறரின் ஆட்சியுரிமை வாதத்தால் இழந்துவிடாமல் காக்க 2016 இல் சிறப்பு ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. அத்தகைய சட்டத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். நீதிமன்றத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கூடவே போய்வர ஆள் வேண்டும்.

ஆகவே, இன்று தீவகத்திலோ வெளிநாட்டிலோ அகதிக் குடும்பத்துக்கு உதவ முன்வரும் ஒரு சனசமூக நிலையமோ ஆலய சபையோ பழைய மாணவர் சங்கமோ, பணம் திரட்டுவதற்கு முன் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது. ஒரு குடும்பத்துக்கு இன்னார் பொறுப்பு என்று பெயர் குறிக்க வேண்டும்; அந்தப் பொறுப்பு எவ்வளவு காலத்துக்கு என்பதை இரு தரப்பும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். முதல் மாதத்திலேயே ஆவணங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கிராம சேவையாளரிடமிருந்து தொடங்க வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த நாளோடு நில்லாமல் முதல் தவணை முடியும்வரை ஆசிரியரோடு தொடர்பில் இருக்க வேண்டும். உதவியில் அயல் வீட்டு ஏழைக்கும் பங்கு இருக்க வேண்டும். குழுவின் கூட்டத்தில் வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், முடிந்தால் ஒரு பெண், தொடக்கத்திலிருந்தே உறுப்பினராக இருக்க வேண்டும். எந்தக் கட்சியின் பதாகையும் அந்த வீட்டு வாசலில் ஏறக் கூடாது.

காணியும் குடியுரிமையும் தொண்டரின் கையில் இல்லை. அவை அரசின் கையில் இருப்பவை. இது உண்மை. ஆனால் வவுனியாவும் புத்தளமும் தமிழ்நாட்டு முகாம்களும் காட்டுவது, அந்த இரண்டையும் கேட்காமல் விட்ட தொண்டு எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் அடுத்த தலைமுறைக்குக் கடனை மிச்சம் வைக்கிறது என்பதைத்தான். ஒரு குடும்பத்துக்கு அரிசி கொடுக்கும் கை அதன் காணி விண்ணப்பத்தையும் தூக்கிக்கொண்டு அலுவலகப் படியேற வேண்டும். மறுத்தால் மறுபடி ஏற வேண்டும். அந்தக் குடும்பமே தன் விண்ணப்பத்தோடு தனியாகப் போய், வாதாடி, பெற்றுவரும் நாளில் தொண்டர் விலகிக்கொள்ளலாம். அடுத்து வரும் குடும்பத்துக்குப் பொறுப்பாளராக அவர்களையே கேட்கலாம். உடுத்த உடையோடு வந்தவரையும் ஏற்று, தாமும் கடல் கடந்து, திரும்பியும் வந்திருக்கும் தீவக ஊர்களுக்கு இந்தப் பணி புதிதல்ல. இம்முறை அதைக் காணிப் பத்திரம்வரை கொண்டுபோய் முடிக்க வேண்டும்.